கடினமானதைக் கடைக்கு விடுங்கள்

“எனக்குச் சமைக்கத் தெரியாது” என்று கல்முனைப் பக்கத்தில் ஒருவர் சொன்னால், அவர் மனதில் இருப்பவை பெரும்பாலும் நாலைந்து பண்டங்கள்தான். பிட்டு உதிரியாக வராது. இடியப்பத்துக்கு மா பதமாகக் குழையாது. பராட்டாவை வீசத் தெரியாது. புரியாணிக்குத் தம் போடும் கணக்குப் பிடிபடாது. வட்டிலப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவையெல்லாம் உண்மையிலேயே கைப்பழக்கம் கேட்பவை. வருடக்கணக்காக உம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கே சில நாள் பிசகும். ஆனால் இந்தப் பட்டியலை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். எல்லாமே மாவுச்சத்து, இல்லாவிட்டால் விருந்து. ஒரு பிள்ளை வளர்வதற்கு அன்றாடம் வேண்டிய பருப்பு, இலை, மீன், மரக்கறி எதுவும் இதில் இல்லை. நமது சமையலில் கஷ்டமான பகுதி ஒரு பக்கம் இருக்கிறது, உடம்புக்கு நல்ல பகுதி வேறொரு பக்கம் இருக்கிறது. சமைக்கத் தெரியாத தாய் தகப்பனுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது: கடினமானதைக் கடைக்கு விடுங்கள், எளிதானதை வீட்டில் ஆக்குங்கள்.

இப்படிப்பட்ட பெற்றோர் இந்தக் கரையில் குறைவில்லை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழமை. மகளுக்குச் சீதன வீடு கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் அதே வளவிலோ பக்கத்து ஒழுங்கையிலோ இருப்பார்கள். இதனால் மகள் படித்து ஆசிரியையாகவோ அலுவலகத்திலோ வேலைக்குப் போனாலும் அடுப்பு உம்மாவின் கையிலேயே இருக்கும். அந்த ஏற்பாட்டில் பெரிய ஆறுதல் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. உம்மம்மா நோயில் விழும் நாளில் ஒரு வீட்டின் சமையல் அறிவு முழுவதும் கட்டிலில் படுத்துவிடுகிறது. இன்னொரு பக்கம், மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குப் போன தாய்மார். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள தாய்மார் அப்படிப் போவதற்கு 2013 இல் அரசு கட்டுப்பாடு போட்டது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 இல் அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரே ஆண்டில் நாடு முழுவதிலுமிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றார்கள். போனவர் உம்மாவாக இருந்தால், பிள்ளைகளோடு மிஞ்சுபவர் வாப்பா. அவருக்கும், திடீரென்று அடுப்படி கைக்கு வந்த மகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அப்படிப்பட்ட வீட்டில் வழக்கமாக நடப்பது இதுதான்: ரைஸ் குக்கரில் சோறு வீட்டிலேயே வேகும், ஏனென்றால் அதற்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். கறி கடையிலிருந்து பொலித்தீன் பையில் வரும். களைத்துப்போன நாளில் சோற்றுப் பார்சலாகவே வரும், இரவில் கொத்து ரொட்டி வரும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் விற்பது பசி தீரும் நிறைவை. அதற்கு மலிவான வழி சோற்றையும் மாவையும் அள்ளி வைத்து, எண்ணெயும் உப்பும் காரமும் கொண்டு ருசி கூட்டுவது. பார்சலைப் பிரித்தால் மலைபோலச் சோறு, ஒரு துண்டு கோழி, ஒரு கரண்டிப் பருப்பு, ஓரத்தில் பேருக்கு ஒரு சுண்டல். கொத்தில் அந்தப் பேரும் இல்லை. லீக்ஸும் கரட்டும் ஒரு பிடி, மற்றதெல்லாம் கோதுமை மா. சோற்றை வீட்டில் ஆக்கி, கறியைக் கடையில் வாங்குபவர், கடை தாராளமாகத் தருவதை வீட்டில் செய்துகொண்டு, கடை கஞ்சத்தனமாகத் தருவதைக் கடையிலேயே தேடுகிறார். தலைகீழான ஏற்பாடு.

இதன் விலையை நாடு ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறது. 2005 - 2006 காலத்தில் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையின் வளர்ந்தோரில் ஏறக்குறைய 10 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. 2018 - 2019 காலத்து ஆய்வு அதை ஏறக்குறைய 23 வீதம் என்று காட்டியது. ஆய்வு முறைகளில் வேறுபாடு உண்டு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்துக் கழிக்கக்கூடாது, ஆனாலும் போகும் திசையில் ஐயமில்லை. 2015 இல் சுகாதார அமைச்சு நடத்திய தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், வளர்ந்தோரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் ஒரு நாளைக்கு வேண்டிய அளவு மரக்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அந்த அளவு, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம். நெல் விளையும் பூமியில், கடலோரத்தில், முற்றத்துக்கு ஒரு முருங்கை நிற்கும் ஊர்களிலும் கோப்பையில் குறைவது இலைதான்.

ஆகவே ஏற்பாட்டைத் திருப்பிப் போடுங்கள். ஒழுங்கைக்கு ஒழுங்கை இடியப்பமும் பிட்டும் அவித்து விற்கும் பெண்கள் இருக்கிறார்கள். பேக்கரியில் பாண் கிடைக்கிறது. அவர்களிடம் மாவுச்சத்தை வாங்குங்கள். அவர்கள் கையில் அது நம்மைவிட நன்றாக வரும், அந்தக் காசு ஊருக்குள் ஒரு வீட்டு அடுப்பை எரிக்கும். சோறென்றால் குக்கர் இருக்கிறது. உங்கள் நேரத்தையும் கவனத்தையும் பருப்பு, பாலாணம், இலைச் சுண்டல் என்ற மூன்றுக்கு மட்டும் கொடுங்கள். காலையில் வாங்கிய இருபது இடியப்பத்தோடு வீட்டில் ஆக்கிய பருப்பும் ஆளுக்கொரு அவித்த முட்டையும் வைத்தால், அது எந்த ஊட்டச்சத்து அலுவலரும் குறை சொல்ல முடியாத காலைச் சாப்பாடு. சமைத்த நேரம் இருபது நிமிடம். பிரேசில் நாட்டின் சுகாதார அமைச்சு 2014 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி உலகெங்கும் பேசப்பட்டது. அது சத்துகளின் அட்டவணையை முன்னால் வைக்காமல், அந்த நாட்டு மக்கள் தலைமுறையாகச் சாப்பிட்ட சோறும் அவரையும் போன்ற சாதாரணச் சாப்பாட்டை வைத்தது; பொதியில் அடைத்த தொழிற்சாலை உணவிலிருந்து விலகச் சொன்னது; சமையல் அறிவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னது. அவர்களுக்குச் சோறும் அவரையும், நமக்குச் சோறும் பருப்பும். அரிசிப் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

முதலில் பருப்பு. சமையலில் முதல் நாள் நிற்பவருக்கு மைசூர்ப் பருப்பைப்போல் ஒத்தாசையான பொருள் வேறில்லை. ஊறவைக்கத் தேவையில்லை, 15 - 20 நிமிடத்தில் கரைந்துவிடும், கொஞ்சம் கூட வெந்தாலும் கெடாது. உலர்ந்த பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம் அளவில். ஐந்து பேருக்கு ஒரு தேநீர்க் கோப்பை நிறையப் பருப்பு எடுத்து, தண்ணீர் தெளியும் வரை மூன்று முறை கழுவுங்கள். சட்டியில் போட்டு அதே கோப்பையால் மூன்று தண்ணீர் விடுங்கள். ஒரு வெங்காயத்தை அரிந்து, இரண்டு பச்சைமிளகாயைக் கீறி, இரண்டு பல் பூடு தட்டி, கால் தேக்கரண்டி மஞ்சள், ஒரு நெட்டுக் கறிவேப்பிலை, ஒரு துண்டு றம்பை எல்லாவற்றையும் ஒன்றாகவே போட்டு அடுப்பில் ஏற்றலாம். எதையும் வதக்க வேண்டாம். நுரை பொங்கும்போது மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். தொடக்கக்காரரின் அடுப்பு அழுக்காவது இந்த ஒரு இடத்தில்தான். பருப்பு மசிந்த பிறகு உப்புப் போட்டு, அரைக் கோப்பைத் தேங்காய்ப்பால் விட்டு, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். இறக்கிய பின் பாதித் தேசிக்காய். புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. பருப்பிலும் இலையிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது சிரமம், தேசிக்காயின் விற்றமின் சி அதைச் சேர்த்துக் கொடுக்கிறது. சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேத்தண்ணீர் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் கொடுப்பது காசில்லாத வைத்தியம்.

இரண்டாவது பாலாணம். இது ஒரு கறியின் பெயர் என்று நினைக்காதீர்கள், ஒரு வழி. அரிந்த வெங்காயம், கீறிய பச்சைமிளகாய், மஞ்சள், ஒரு சிட்டிகை வெந்தயம், கறிவேப்பிலை. இவற்றை இரண்டாம் பாலில் போட்டுக் கொதிக்க வைத்து, அதற்குள் எதை ஆக்க வேண்டுமோ அதைப் போடுவது. வெந்ததும் முதற்பால் கொஞ்சம், உப்பு, இறக்கிய பின் தேசிக்காய். மீன் துண்டு போட்டால் பத்து நிமிடம். பூசணிக்காய்க்கும் ஏறக்குறைய அவ்வளவே. உருளைக்கிழங்குக்கு இருபது. பயற்றங்காய், வெண்டிக்காய், பீர்க்கங்காய், முருங்கைக்காய் எல்லாம் இதே பாலுக்குள் போகும். அவித்து உரித்த முட்டையும் போகும். ஒரே வழியைக் கற்றுக்கொண்டவருக்குப் பத்துக் கறி கைக்கு வந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது ஒன்றே: தேங்காய்ப்பால் விட்ட பிறகு தீயைக் கூட்டி விட்டுவிட்டுப் போனால் பால் திரிந்துவிடும். அதனால் தீயைக் குறைத்து, அகப்பையால் மெதுவாகத் துழாவிக்கொண்டு நில்லுங்கள். தேசிக்காயை அடுப்பில் இருக்கும்போது பிழியாதீர்கள், அதற்கும் காரணம் அதுவே. திரிந்துவிட்டாலும் பதறத் தேவையில்லை. பார்க்க அழகிருக்காது, சாப்பிடலாம். காரமாகக் கேட்கும் பெரியவர்களுக்குக் கோப்பையில் ஒரு கரண்டி சம்பல் வைத்தால் போதும். ஒரே சட்டியில் பிள்ளைக்கும் பெரியவருக்கும் ஆகிவிடும்; இரண்டு கறி ஆக்கும் தேவை போய்விடும்.

மூன்றாவது இலை. கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை, முருங்கை, எது மலிவோ அது. நன்றாகக் கழுவி, மெல்லியதாக அரிந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துச் சூடான சட்டியில் மூன்று நிமிடம் பிரட்டி இறக்குங்கள். பச்சை நிறம் மாறும் முன்னே இறக்க வேண்டும். அதில் சேர்க்கும் தேங்காய் வெறும் ருசிக்கானதல்ல. இலையில் உள்ள விற்றமின் ஏ ஆகும் நிறச்சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பு அதை எடுத்துக்கொள்ளும். வல்லாரையை அடுப்பில் வைக்காமலே சம்பலாக்கலாம். அப்படிப் பச்சையாக உண்ணும்போது உப்பு நீரில் ஊறவிட்டு இரண்டு மூன்று தண்ணீரில் கழுவுவது அவசியம். முருங்கையிலை ஆய்வது மட்டும் பொறுமை கேட்கும் வேலை. அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். தன் விரலால் ஆய்ந்த இலையைத் தின்ன மறுக்கும் பிள்ளை குறைவு.

மீனில் சமைக்கும் திறமையைவிட வாங்கும் திறமை பெரிது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரைவலை இழுக்கும் காலத்தில் நெத்தலியும் சூடையும் கீரியும் மலிந்து கிடக்கும். பெரிய மீனின் துண்டுக்குக் கௌரவம் அதிகம் என்பதற்காகச் சின்ன மீனைத் தாண்டிப் போகாதீர்கள். முள்ளோடு தின்னக்கூடிய சின்ன மீன் பிள்ளைக்குச் சுண்ணாம்புச்சத்தைக் கொடுக்கிறது, பாரைத் துண்டு அதைக் கொடுப்பதில்லை. வெட்டத் தெரியாது என்றால் விற்பவரிடமே வெட்டிக் கேளுங்கள், நெத்தலிக்குத் தலையைக் கிள்ளினால் போதும். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, அமுக்கினால் சதை மீண்டும் எழும்புவதாக இருக்க வேண்டும். பலரும் சொல்லாத ஒன்று: சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை இடிக்கும். எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அது அழியாது. பொரித்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பிழை. மாலை மலிவு விலையில் ஐஸ் இல்லாமல் விற்கும் சூரையை விட்டுவிட்டு, இரண்டு முட்டை வாங்கிப் பாலாணத்தில் போடுவது புத்தி. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்து மீன் ஏறாத நாட்களுக்கு டின் மீனும் கருவாடும் கைகொடுக்கும், ஆனால் இரண்டிலும் உப்பு அதிகம். வளர்ந்த ஒருவருக்கு நாள் முழுவதுக்கும் 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உள்ளாகவே உப்பு இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கருவாடு போட்ட கறிக்கு வேறு உப்புப் போடாமல் இறக்கி, ருசி பார்த்த பின் தீர்மானியுங்கள்.

பருப்பு, பாலாணம், சுண்டல் மூன்றையும் ஒரே நேரத்தில் முடிப்பது வரிசையில் இருக்கிறது. குக்கரில் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. அடுத்தது பருப்பு அடுப்பில். அது வேகும் நேரத்தில் இலையை அரிந்து வெங்காயம் உரித்துவிடலாம். பருப்பை இறக்கியதும் பாலாணம். சுண்டல் கடைசி, ஏனென்றால் அது ஆறினால் வாடும். மூன்றையும் சேர்த்து ஆக்கும் முதல் வாரத்தில் ஒன்றேகால் மணித்தியாலம் எடுக்கும், ஒரு மாதத்தில் முக்கால் மணித்தியாலத்துக்கு வந்துவிடும். கடைக்குப் போய் வரிசையில் நின்று திரும்பும் நேரமும் கிட்டத்தட்ட அதே.

இரவுக்கு இதைவிட எளிது கஞ்சி. நோன்பு மாதம் முழுவதும் பள்ளிவாசல்களில் காய்ச்சி ஊருக்கே ஊற்றும் கஞ்சியை, பெருநாளோடு மறந்துவிடுகிறோம் என்பது இந்தக் கரையின் பெரிய நட்டம். தவறாகவே போக முடியாத சமையல் அது. அரைக் கோப்பை அரிசி, ஒரு பிடி பயறு, தட்டிய பூடு ஐந்தாறு பல், ஒரு துண்டு இஞ்சி, அரைத் தேக்கரண்டி வெந்தயம், றம்பை, ஐந்து கோப்பைத் தண்ணீர். மஃரிபுக்கு முன் சிறு தீயில் ஏற்றினால் தொழுதுவிட்டு வரும்போது குழைந்திருக்கும். தண்ணீர் குறைந்தால் சுடுதண்ணீர் விடலாம், கூடினால் இன்னும் கொஞ்சம் வற்றலாம். மத்தியானம் மிஞ்சிய கோழியைப் பிய்த்துப் போடலாம், அரிந்த முருங்கையிலையைக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடலாம். உப்பு, தேங்காய்ப்பால், முடிந்தது. இஷாவுக்கு முன் பிள்ளைகள் சாப்பிட்டு முடிப்பார்கள். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கும் பல்லில்லாத மூத்தாப்பாவுக்கும் ஒரே சட்டி.

இனி எதிர்வாதங்கள். தினமும் பருப்பும் பாலாணமும் என்றால் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள் என்பது முதலாவது. சலிப்பது பெரும்பாலும் பெரியவர்களுக்கே. பிள்ளைகள் பழகியதை விரும்புகிறவர்கள்; புதிதைத்தான் தள்ளுவார்கள். ஒரு புதிய மரக்கறியைப் பிள்ளை ஏற்றுக்கொள்வதற்கு எட்டு, பத்துத் தடவை, சிலவேளை அதற்கும் மேல் கோப்பையில் வைக்க வேண்டியிருக்கும் என்று பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். இரண்டு தடவை தள்ளியதும் “இவனுக்குப் பூசணி பிடிக்காது” என்று தீர்ப்பெழுதுவது நமது அவசரம். அடித்து ஊட்டவும் வேண்டாம், நூடுல்ஸ் அவித்துக் கொடுத்துச் சமாதானம் செய்யவும் வேண்டாம். ஒரு தேக்கரண்டி அளவு வைத்து, எதுவும் பேசாமல் நீங்களும் அதையே சாப்பிடுங்கள். பருப்பும் பாலும் மாறாமல் இருக்கட்டும், உள்ளே போகும் மரக்கறியும் மீனும் சந்தையைப் பார்த்து மாறட்டும்.

இரண்டாவது வாதம் கனமானது: நீரிழிவு பெருகிய ஊரில் சோற்றை மையமாக வைத்துச் சாப்பாடு சொல்லலாமா? சோறு குற்றவாளி அல்ல, அதன் குவியல்தான் குற்றவாளி. சோற்றைக் குறைத்துப் பாணுக்கும் பராட்டாவுக்கும் தாவுவதால் ஒன்றும் ஆகப் போவதில்லை, அவையும் தீட்டிய மாவே. செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, தவிடு முழுக்கப் போகாத சிவப்பரிசியோ புழுங்கல் அரிசியோ வாங்குவது. சம்மாந்துறை வயல்களைச் சுற்றி இருப்பவர்களுக்கு இது எட்டாத பொருள் அல்ல. தீட்டிய அரிசியில் எது தொலைகிறது என்பதை டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன் 1890களில் ஜாவாவில் கோழிகளை வைத்துக் கண்டார். வெள்ளையாகத் தீட்டிய அரிசி தின்ற கோழிகள் நரம்புத் தளர்ச்சியில் விழுந்தன, தவிடுள்ள அரிசிக்கு மாறியதும் எழும்பின. பின்னாளில் தயமின் என்று பெயர் பெற்ற அந்தச் சத்துக்கு வழிகாட்டியதற்காக 1929 இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நெல்லை அவித்துக் காயவைக்கும் நமது முறையில் அந்தச் சத்தின் ஒரு பகுதி தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இரண்டாவது, கோப்பையில் போடும் வரிசையை மாற்றுவது. சோற்றை முதலில் போட்டால் அது கோப்பையை நிறைத்துவிடும், மற்றது ஓரத்தில் ஒட்டும். சுண்டலையும் மரக்கறியையும் முதலில் வைத்துப் பாதியை நிரப்புங்கள், பருப்பும் மீனும் கால்வாசி, சோறு மிஞ்சிய இடத்துக்கு. ஓடியாடும் பிள்ளை இரண்டாம் தடவை சோறு கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம். சீனி வருத்தம் உள்ள பெரியவருக்கு அந்த இரண்டாம் தடவை இலையும் பருப்பும்.

தேங்காயைப் பற்றிய பயத்திலும் நியாயம் இருக்கிறது. தேங்காய்க் கொழுப்பில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு, அதைக் கட்டுப்படுத்தச் சொல்லும் மருத்துவரின் பேச்சைத் தட்டக்கூடாது. ஆனால் ஐந்து பேருக்கு ஒரு நேரத்துக்கு அரைத் தேங்காய் என்று எல்லை வைத்து, பாலாணத்துக்குப் பெரும்பாலும் இரண்டாம் பாலையே எடுத்து, பருப்புக்குப் பால் விட்ட நாளில் மரக்கறியைத் தண்ணீரில் அவித்தால் கணக்கு அடங்கிவிடும். கொழுப்பைக் குறைக்க விரும்புபவர் கை வைக்க வேண்டிய முதல் இடம் பொரியல் சட்டியும், கடையில் பலமுறை காய்ந்த எண்ணெயும்.

காசு பற்றிச் சொல்வதானால், 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அந்த மாதங்களில் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வீடுகளைக் காப்பாற்றியது பருப்பும் முருங்கையும் சின்ன மீனும்தான். விலை ஏறினாலும் ஒரு கொத்து ரொட்டிப் பார்சலின் காசில் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய பருப்பு வந்துவிடும். இதை நீண்டு வாதிக்கத் தேவையில்லை.

கடைசி வாதத்தை யாரும் உரத்துச் சொல்வதில்லை, ஆனால் வாப்பாமாரைத் தடுப்பது பெரும்பாலும் அதுவே: சமையல் ஆம்பிளைக்கு வராது, அடுக்காது. இந்த ஊர்களே அதைப் பொய்யாக்குகின்றன. கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாஹுல் ஹமீது ஆண்டகையின் பேரில் ஆண்டுதோறும் நடக்கும் கொடியேற்றத்தின் கந்தூரிக்குக் கிடாரம் ஏற்றிச் சோறாக்குபவர்கள் ஆண்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சுபவர்கள் ஆண்கள். கல்யாணத்துக்குப் புரியாணி ஆக்குபவரும், பிரதான வீதியில் பராட்டா வீசுபவரும் ஆண்கள். ஐந்நூறு பேருக்கு ஆக்கினால் கெட்டித்தனம், ஐந்து பேருக்கு ஆக்கினால் வெட்கம் என்பதற்கு என்ன நியாயம்? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஒத்தாசையாக இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதாக ஸஹீஹுல் புகாரியில் அறிவிப்பு இருக்கிறது. அடுப்படிக்குள் நுழையும் வாப்பா அந்த முன்மாதிரியை விட்டு வெளியே போகவில்லை.

தொடங்குவதற்கு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், அன்று வீடு இறைச்சியை எதிர்பார்க்கும். ஒரு சனிக்கிழமை காலையில், இடியப்பம் வாங்கி வந்து, பருப்பு மட்டும் ஆக்குங்கள். முதல் வாரம் முழுவதும் பருப்பு மட்டும், மற்றது முன்போலக் கடையிலேயே இருக்கட்டும். உப்புக் கூடிவிட்டால் கொஞ்சம் சுடுதண்ணீரும் இன்னும் ஒரு சுற்றுப் பாலும் விடுங்கள். அடிப்பிடித்தால் அகப்பையால் சுரண்டாமல் மேல் பகுதியை வேறு சட்டிக்கு மாற்றுங்கள், கீழே பிடித்ததைத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். இரண்டாம் வாரம் சுண்டல் சேரட்டும். பாலாணம் மூன்றாம் வாரம், முதலில் உருளைக்கிழங்கோடு, கை பழகிய பின் மீனோடு. சமைத்த சோற்றையும் கறியையும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காமல் பிரிஜ்ஜில் வைத்து, மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தே பரிமாறுங்கள்; இந்தச் சூட்டில் சோறு நாம் நினைப்பதைவிட விரைவாகக் கெடும். வெளிநாட்டில் இருக்கும் உம்மா வீடியோ அழைப்பில் வரும்போது சட்டியைக் காட்டிக் கேளுங்கள், மஞ்சள் கூடியதா குறைந்ததா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.